வார் வைத்த செருப்பு

ஜனவரி 20
சம்பளம் வந்த கையோடு சிம்ரன் புதுச் செருப்பு வாங்கி வந்துவிட்டாள். கறுப்பு. கணுக்காலைச் சுற்றி வார், பக்கவாட்டில் பொன்னிறக் கொக்கி. என் செருப்புக்குப் பக்கத்திலேயே விட்டிருக்கிறாள். என்னுடையதும் கறுப்பு, அதற்கும் வார் உண்டு. காலைவிட்டுக் கழன்று ஓடாமல் இருக்க, சொல்லித் தைத்து வாங்கிய வார். அவளுக்கு அழகுக்கு, எனக்கு வேறு வழியில்லாமல்.

கூடப் பிறந்தவளின் கால்மேல் கண்வைக்கிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 29
மரபணுச் சோதனை முடிவு வந்தது. டாக்டர் சௌம்யா நிதானமாகச் சொன்னார். முதுகிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்பிழை, ஒரே செல்லின் நீட்சியாம். உள்ளே நெடுக மெல்லிய புரத இழைகள் நின்று அதைத் தடிப்பாக, உறுதியாக வைத்திருக்குமாம். என் உடம்பில் அந்தப் புரதம் பிசகாக உருவாகிறது. இழையாகக் கோத்துக்கொள்ளாமல் அங்கங்கே கட்டி கட்டியாகத் தேங்கிவிடுகிறது.

"நீளமான நரம்புதான் மொதல்ல அடிவாங்கும். அதான் கால்லேருந்து ஆரம்பிக்குது" என்றார். அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும். முட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார். கம்பெனியில் அவருக்குக் குதிரை என்றே பேர். சாகும்வரை யாரும் காரணம் கேட்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை. குணமாக்க மருந்தும் இல்லை. பயிற்சி, பிறகு காலுக்குத் தாங்கி.

"தங்கச்சிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு" என்றும் சொன்னார்.

ஜனவரி 30
அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கி யோசித்தாள். "பாதிக்குப் பாதின்னா ரெண்டுல ஒண்ணுதானே? அது உனுக்கு வந்துட்ச்சி. சின்னது தப்பிச்சிட்ச்சி." சொல்லிவிட்டுச் சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினாள். எனக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. என் பங்கு எனக்கு, அவள் பங்கு அவளுக்கு. அந்தச் சூடத்தை ஊதி அணைத்துவிட வேண்டும் போலிருந்தது.

டெஸ்ட் எடுக்கிறாயா என்று சிம்ரனைக் கேட்டேன். "எனுக்கு இன்னாத்துக்கு? நான் நல்லாத்தான் கீறேன்." தலையைக்கூட நிமிர்த்தவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நம்பிக்கை, தன் கால்மேல்!

பிப்ரவரி 3
பக்கத்து வீட்டு அன்னம்மாளிடம் அம்மா 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்தம்மா என் காதில் வந்து கேட்கிறாள்: "செவுத்துல எழுதி வெச்சிகினு கீறானுங்களே, லாட்ஜுல வைத்தியம்னு... அதுவாம்மா? பொம்பளைங்களுக்குமா வருது?"

சிரித்துவிட்டேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

பிப்ரவரி 14
ஆவடி ஸ்டேஷன் மேம்பாலப் படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதற்குள் அம்பத்தூர் போகிற ரயில் போய்விட்டது. எத்தனை பெண்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள்! ஒவ்வொருத்தியின் காலையும் பார்த்தேன். ஒவ்வொருத்திமேலும் எரிச்சல்.

சிம்ரனோ ரயில் பக்கமே வரமாட்டாள். பைக் டாக்சிதான். படியேறினால் வியர்க்குமாம். திமிர். அந்தக் காலை எனக்குக் கொடுடி, நான் ஏறிக் காட்டுறேன்.

பிப்ரவரி 23
சேக்காட்டில் மாமா மகள் கல்யாண ரிசப்ஷன். எல்லாப் பெண்களும் ஆடினார்கள். சிம்ரனைக் கையைப் பிடித்து இழுத்தும் அவள் எழுந்திருக்கவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்காகப் பாவப்படுகிறாளோ? உன் பாவம் எனக்கு வேணாம்டி. போய் ஆடித் தொலை.

மார்ச் 9
சிம்ரனுக்குப் பட்டாபிராமிலிருந்து வரன். பையன் பெயர் பரத், தங்கமான குணமாம். அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அவங்க வர்றச்சொல்லோ நீ சமையக்கட்டுலயே குந்திக்கம்மா. நடந்து கிடந்து வெச்சிடாத."

நடந்து கிடந்து.

மார்ச் 16
சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கேசரி கிளறியது நான், தட்டை ஏந்திப் போனது அவள். கூடத்தில் சிரிப்புச் சத்தம். என் வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன்.

அவர்கள் போனபின் கடைக்குப் போகலாம் என்று வாசலுக்கு வந்தேன். வந்தவர்கள் கால்பட்டுச் செருப்பெல்லாம் இறைந்து கிடந்தது. ஒன்று கவிழ்ந்திருந்தது. கவிழ்ந்த செருப்பு வீட்டுக்குச் சண்டை என்பாள் அம்மா. தூக்க வராத பாதம் தரையில் உரசி உரசி முன்நுனி தேய்ந்த அடிப்பாகம், என்னுடையதுதான். குனிந்து திருப்பினேன்.

பொன்னிறக் கொக்கி.

இரண்டு மாதம் ஆகவில்லை, வாங்கி. இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஐயோ, சந்தோஷம்! அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 17
மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன். எப்பலேருந்துடி?

"போன வருசத்துலேருந்து. செருப்பு கழண்டு கழண்டு ஓட்ச்சி. அதான் வார் வெச்சது வாங்குனேன்."

ஏன் சொல்லல?

"நான் தப்பிச்சிட்டேன்னு அம்மா சூடம் ஏத்துச்சே. அத்த எப்டிக்கா அணைக்கறது?"

அவளே தொடர்ந்தாள். "உன்னப் பாத்தா வயிறு எரியும்க்கா. உனுக்குத் தெரிஞ்சிபோச்சி, நீ உன் நடைய நடக்கலாம். நான் நல்லா கீற மாதிரி நடக்கணும்."

என்மேல் பொறாமை. என் கால்மேல்!

மார்ச் 22
பரத்திடம் அவளே போனில் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றானாம். அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை.

ஏப்ரல் 2
சிம்ரன் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். அம்மாவும் வந்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான் பாதிக்குப் பாதி, ஒருத்தி வாங்கிக்கொண்டதால் இன்னொருத்தி தப்புவதில்லை என்று டாக்டர் விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டே என் கையைப் பிடித்தாள், அப்புறம் சிம்ரன் கையையும். பரத்திடமிருந்து இன்னும் பதில் இல்லை.

திரும்பும்போது சிம்ரனும் ரயிலில் வந்தாள். ஆவடியில் இறங்கி மேம்பாலப் படி. அம்மா பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். சிம்ரன் கைப்பிடியைப் பிடித்தாலும் என்னைவிட வேகமாகத்தான் ஏறுவாள். அதைப் பார்க்க இன்னமும் பொறாமையாகத்தான் இருக்கிறது. நீ முன்னாடி போடி என்றேன்.

"இல்லக்கா, நீ போ. நீ எங்க கால வெக்கறன்னு பாத்துகினு வர்றேன்."