குரு பார்த்த வால்நட்சத்திரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம்.

போன வாரம் இங்கே ஒரு வேடிக்கை. நான் பாதை கணக்கிட்டு வந்த வால்நட்சத்திரம் வியாழனுக்கு மிக அருகில் கடந்து போனது. "புதுசா கணக்குப் போடணும் சார், கொஞ்சம் பொறுங்க" என்றேன். பத்திரிகைக்காரர் காத்திருந்ததால் எங்கள் வானாய்வுக்கூட இயக்குநர் பழைய பாதையையே பார்த்து, "ஏழு வருஷத்துல திரும்பி வந்துடும்" என்று சொல்லிவிட்டார். அது வராது. வியாழனின் ஈர்ப்பு அதை வேகப்படுத்தி, சூரியனின் பிடியிலிருந்தே வெளியே எறிந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும், "கணக்குப் போட்ட பொண்ணு சொதப்பிட்டா" என்று கையைக் கழுவிவிட்டார். கவலைப்படாதீர்கள், வேலை போகவில்லை. என் மேசையைத்தான் படிக்கட்டுக்கு அடியில் போட்டிருக்கிறார்கள்.

குரு பார்க்கக் கோடி நன்மை என்பீர்களே, அந்தக் குருதான் இந்த வியாழன். பார்த்த ஒரே பார்வையில் வீட்டை விட்டே துரத்திவிட்டது.

அண்ணன் கல்யாணம் முடிந்த கையோடு, "ரெண்டே வருஷம், போயிட்டு வந்துடும்மா" என்று என்னை அனுப்பினீர்கள். ஆறு வருடமாகிறது. என் அறையில் இப்போது அண்ணியின் தம்பி இருக்கிறானாம். நன்றாக இருக்கட்டும். என் கம்பளிப் போர்வையை மட்டும் அனுப்பிவையுங்கள், இங்கே குளிர் தாங்கவில்லை. என் கட்டில் மொட்டைமாடியில் கிடப்பதாக அம்மா சொன்னாள். மழைக்கு முன் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இயக்குநர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். நான் திரும்பி வருவேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள் அப்பா. அது பழைய பாதை.

உங்கள் மகள்