அம்மனுக்கு நேர்ந்த கால்

அரியலூர், 1946, மாசி 3
இவர் வலது பாதத்தில் இன்றும் வேட்டி நுனி படவிடவில்லை. வண்டிச் சக்கரம் ஏறி மூன்று வருஷம். புண் ஆறிற்று, எரிச்சல் ஆறவில்லை. விறகில்லாமல் எரியும் அடுப்பு இந்த வீட்டில் அது ஒன்றுதான். வலி தீர்ந்தால் சித்திரையில் இவர் தீ மிதிப்பார் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். இவரைக் கேட்கவில்லை.

மாசி 19
பஸ்ஸில் பெரம்பலூர். பட்டாளத்திலிருந்து திரும்பிய டாக்டர். "கத்தியே வேணாம்மா. முட்டிக்குப் பின்னால ஒரு ஊசி. வலி கொண்டுபோற நரம்பு சில மாசம் தூங்கிடும்." ஊசிக்குள் சாராயச் சத்தாம்.
"வாயால சாப்பிட்டா கேக்காதுங்களா?" என்றார் இவர்.
கிளம்பும்போது டாக்டர் என்னிடம், "பாதத்துல சூடு தெரியாது. வெந்நீரைக் கையால பாத்து ஊத்துங்க."

மாசி 20
கால்வரை போர்த்திக்கொண்டு தூங்கினார்! டாக்டருக்கு வாழைத்தார், அம்மனுக்குத் தேங்காய். யார் பங்கு எவ்வளவு என்றுதான் எழுதத் தெரியவில்லை.

பங்குனி 14
நேர்ந்துகொண்டதை இவரிடம் சொன்னேன். "ஏண்டி, ஒங்காலுக்கு என்னாச்சு?" நியாயமான கேள்வி.
டாக்டர் சொன்னது மறக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது வெந்நீரை. அம்மன் நெருப்பு வெந்நீரா?

சித்திரை 22
தீக்குழியில் எல்லோரும் ஓடினார்கள். இவர் இடது காலை அவசரமாகவும் வலது காலை நிதானமாகவும் வைத்து நடந்தார். "வலது கால்ல ஆத்தா நிக்கிறா பாருங்க!" என்று பூசாரி ராசாங்கம் கத்தினார்.
அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடப்போன அடுத்த வீட்டுக் கொளஞ்சியம்மாள், "அக்கா, வெந்து கெடக்கு" என்றாள்.
"எங்க?" என்றார் இவர்.

சித்திரை 23
நான் என்ன பண்ணிட்டேன் — தாயே.

வைகாசி 2
டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "புண்ணு பழுத்தாலும் இவருக்குத் தெரியாது. முத்திட்டா காலையே எடுக்கணும். உணர்ச்சி சீக்கிரம் வந்தா நல்லது."
வீட்டில் அந்தக் காலைக் கும்பிட ஆள் வந்தபடி இருக்கிறது.
வலி திரும்பி வரட்டும் என்று மறுபடி நேர்ந்துகொண்டேன். கேட்கவே கூச்சம். அம்மனுக்கும் குழப்பமாக இருந்திருக்கும். இந்தத் தடவை மிதிப்பது என் கால்.

ஆடி 9
புண் மூடி வருகிறது. காலையில் கட்டை அவிழ்த்தபோது, "அடியே, எரியுதுடி!" என்று தெருவே கேட்கக் கத்தினார். சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். "புருசன் கத்துனா பொங்கல் வெக்கிறியேடி" என்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.
அடுத்த சித்திரைக்குக் கோயிலில் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். "ஐயா மாதிரி நிதானமா நடப்பீங்களாம்மா?" என்று ராசாங்கம் ஆசையாகக் கேட்டார்.
"ஓடுவேன்" என்றேன்.