இடம் பிடித்த செருப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சட்டசபையில் உறுப்பினராக உறுதிமொழி எடுத்ததை டிவியில் பார்த்திருப்பாய். டிவி காட்டாததைச் சொல்கிறேன், சிரிக்காதே.

எனக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்ததும் தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்க எழுந்தவள், என்னை அறியாமல் இடது செருப்பைக் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் உன் செருப்பை வைத்து இடம் பிடித்துவிட்டு, மற்ற காலில் மட்டும் செருப்போடு என்னைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து விடுவாயே, அதே மாதிரி.

சபை ஊழியர் பின்னாலேயே ஓடிவந்தார். "அம்மா, ஒரு செருப்பை விட்டுட்டு வந்துட்டீங்க."

"யாராவது உக்காந்துடுவாங்கன்னுதான் வச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "அது உங்க இடம்மா. நீங்க எழுந்து போனாலும் வேற யாரும் உக்கார முடியாது."

அப்படியே நின்றுவிட்டேன், அக்கா. எழுந்து போனாலும் பறிபோகாத இடம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது. குடியுரிமை கிடைத்து, வீடு வீடாக ஓட்டுக் கேட்டு அலைந்த இத்தனை வருஷமும் நான் இதைத்தான் தேடியிருக்கிறேன் போல.

அந்த முகாமில் இன்னும் ஒரே குழாய்தான். நாளைக்கு என் முதல் பேச்சு அதைப் பற்றித்தான். நீ ஏன் பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீர் வரிசைக்குத் திரும்பிப் போக ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில் உனக்கு இடம் சொல்லியிருக்கிறேன். உன் பெயர் போட்ட அட்டைகூட ஒட்டிவிட்டார்கள். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. நீ வந்து சேரும்வரை அங்கே என் செருப்பு இருக்கும்.

உன் தங்கச்சி