பொத்தானை அழுத்தாமலே திறக்கும் கத்தி

மனியாகோ, இத்தாலி,
12 நவம்பர் 1968

அன்புள்ள எல்வியோ அண்ணாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. உன்னோடு தங்கியிருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் கண்டிப்பாக வேண்டாம். அவர்கள் வீட்டுக்கு ஒரு வரி எழுதினால் போதும், அப்பாவின் காதுக்கு வந்துவிடும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்குக் கணக்கில் பத்துக்கு ஏழு மதிப்பெண்.

அப்பா கொடுத்தனுப்பிய வில்கத்தியைச் சட்டைப் பையில் வைத்திருப்பதாகவும், பெல்ஜியக்காரர்களுக்குத் தினமும் பத்து முறை பொத்தானை அழுத்தி, வில் அலகை வெளியே தள்ளுவதைத் திறந்து காட்டுவதாகவும் எழுதியிருந்தாய். அப்பா அந்தக் கடிதத்தை பெர்த்தோவின் மதுக்கடையில் எழுந்து நின்று வாசித்தார். தினமும் பத்து முறை என்று கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் பாதிப் பேர் கத்திப் பட்டறைக்காரர்கள். நம் அப்பா நகராட்சியில் பிறப்பு இறப்பு எழுதுபவர். தொழிற்சாலை கழித்துப்போட்ட அலகுகளை வாங்கி வந்து, கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு வருடமாக மாஸ்டர் வேஷம் போடுகிறார். "என்ன ரைட்டரே, இந்தக் கத்தி பொறந்ததையும் ரெஜிஸ்தர்ல ஏத்தியாச்சா?" என்று பெர்த்தோ கேட்டால், கடையே சிரிக்கிறது. அப்பாவும் சிரிக்கிறார். பாராட்டு என்று நினைத்துக்கொள்கிறார்.

அவர் செய்த ஏழு கத்திகளில் ஐந்தைப் பிரித்துச் சரிசெய்தவள் நான். அவர் கடைக்குப் போன நேரங்களில்தான். பிழையான கத்திகளைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டேன். ஒரு தடவை வில் தெறித்து விரல் கிழிந்தது. பள்ளியில் தகரம் வெட்டிவிட்டது என்றேன். கொட்டகையில் என்னைப் பார்த்த அன்று, "பொட்டப்புள்ளைக்கு வில்லு எதுக்குடி? போய் ஊசிய எடு," என்றார். இன்னொரு தடவை பார்த்தால் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவாராம். மறுநாளே, நான் திருத்திய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, என் கைப்பக்குவம்," என்று அம்மாவிடம் சொன்னார்.

உன் கத்தியை நான் திருத்தவில்லை. அதன் அலகில் துளை போட முடியாமல் துளைப்பான் உடைந்தது. பொறுமை இல்லாமல் அலகின் அடியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, இரும்பை மென்மையாக்கித் துளைத்தார். மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்க வேண்டும்; இந்த ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் இது தெரியும். அவர் செய்யவில்லை. பொத்தானின் அடியிலிருந்து அந்தத் துளையில் உட்காரும் முள்தான் மூடிய அலகைப் பிடித்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முள் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கும். பிறகு பொத்தானைத் தொடாமலே திறந்துகொள்ளும். பக்கத்தில் பூட்டு இருக்கிறதே என்று நம்பாதே. அது பொத்தானைத்தான் தடுக்கும், அலகைத் தடுக்காது.

அவர் காய்ச்சியபோது நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெர்த்தோவுக்கு என்று சொல்லியிருந்தார். அதனால் வாயைத் திறக்கவில்லை. பெர்த்தோவின் தொடையில் குத்தட்டும், இரண்டு பேருடைய சிரிப்பும் ஒரே நாளில் நிற்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் நான் பள்ளியிலிருந்து வருவதற்குள், நீ இருக்கும் லியேஜுக்குப் புறப்பட்ட ஆளிடம் அதை உனக்காகக் கொடுத்தனுப்பிவிட்டார். வீட்டில் அதே மாதிரி காய்ச்சிய கத்தி இன்னொன்று இருக்கிறது. நேற்று அதை எண்ணிக்கொண்டே திறந்து மூடினேன். அறுபத்திரண்டு. அப்புறம் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினேன். நாலாவது படியில் திறந்துகொண்டது. காயம் சின்னதுதான். பாவாடையில் விழுந்த ஓட்டையைத் தைத்துவிட்டேன்.

நீ எத்தனை முறை திறந்தாய் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இன்னும் ஐந்து நாள் ஆகும்.

உன் காலில் விழுகிறேன் அண்ணா, இப்போதே அதை எடுத்து, முனை உன்னைப் பார்க்காதபடி பிடித்துத் திற. திறந்தபடியே பெட்டிக்குள் வை. திறந்த பிறகு வில்லுக்கு வேலையில்லை, மூடினால்தான் ஆபத்து. அப்பாவுக்கு எழுதும்போது கத்தி நன்றாக இருக்கிறது என்று மட்டும்

அப்பா கதவைத் தட்டுகிறார். விளக்கு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. "நீவெஸ், அண்ணனுக்கா எழுதுற? தெறம்மா. நானும் ரெண்டு வரி எழுதணும். அந்தக் கத்தி கொஞ்சம் லூசா இருக்கான்னு அவன்கிட்ட கேக்கணும்," என்கிறார். தன் கத்தியில் குறை இருக்கலாம் என்று அப்பா பேசி நான் கேட்டதில்லை.

சட்டைப் பையில் வைக்காதே. எங்கே வைத்தாலும் நெஞ்சுப் பக்கம் மட்டும்