மூன்றாவது பந்து விழும்வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. இங்கே உன் அப்பாவும் அண்ணனும் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறார்கள். நான் மட்டும் வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டோடு கீழ்வீட்டுத் தையலக்காவின் வீட்டில் உட்கார்ந்து, அவள் துணி வெட்டுகிற மேசையில் இதை எழுதுகிறேன். பதறாதே. விழுந்து நாலு வாரம் ஆகிறது, கணுக்காலில் எலும்பு கூடி வருகிறது, அறுவை ஒன்றும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வீட்டில் இருவரையும் தடுத்ததும் நான்தான். எப்படி விழுந்தேன் என்பதை மாப்பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதிலாகவே எழுதிவிடுகிறேன், இரண்டும் ஒன்றுதான்.

மாப்பிள்ளை போன வாரம் உன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாராம், புது வீட்டுக் கூடத்தில் பொழுதுபோக்குக்கு இரும்புப் பந்தைத் தட்டி ஆடுகிற பின்பால் மெஷின் வாங்கலாமா, வீடியோ கேம் பெட்டி வாங்கலாமா, உங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறதே, அத்தை சொன்னால் சரியாக இருக்கும் என்று. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்டால் நான் என்ன சொல்ல. ஆனாலும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார், நான் பார்த்ததைச் சொல்கிறேன். உன் அப்பாவின் மெஷின் நீ போனபிறகு வந்தது, போட்டோவில்தான் பார்த்திருப்பாய். அவர் லிஃப்ட் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு கிளப்பை இடித்தபோது, ஓய்வு பெறுகிற மனுஷனுக்கு ஒரு நினைவாக இருக்கட்டும் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் ஆட்களை ஏற்றி இறக்கின மனுஷனின் வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது. நாலு ஆட்கள் காலைக் கழற்றிப் பெட்டியைச் சுமந்து வந்ததில் படிக்கட்டுச் சுவரில் மூன்று இடத்தில் காரை பெயர்ந்தது. சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் அது உட்கார்ந்தது, மேசை போன இடம் எனக்கு இன்றுவரை தெரியாது. முகப்புக் கண்ணாடியில் அரைகுறை உடையில் ஒருத்தி படுத்துக்கொண்டு சிரிக்கிறாள், இரண்டு வருஷமாக அவள் முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். முதல் நாள் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே கரப்பான் முட்டை, சிகரெட் சாம்பல், யாரோ மென்று ஒட்டின சூயிங்கம் கல்லாக இறுகிக் கிடந்தது, அதில் முடி வேறு. உன் அப்பா அதை என் காய் நறுக்குகிற கத்தியால் சுரண்டினார். அந்தக் கத்தியை நான் மறுபடி தொடவில்லை.

உன் அண்ணனின் பெட்டியைப் பற்றிச் சொன்னால் அது பார்க்கச் சின்னது, சுத்தமானது, ஒரு அட்டைப் பெட்டி அளவுதான், சுவரையும் இடிக்காது. அழுக்கெல்லாம் அதைச் சுற்றி இருக்கிறவனிடம். பல் செட் செய்கிற பட்டறையில் நாளெல்லாம் பிறத்தியார் வாய்க்குப் பல் ஒவ்வொன்றாகப் பளபளவென்று தேய்த்து வைக்கிறவன், வீட்டுக்கு வந்தால் சொந்தப் பல்லைத் தேய்க்க மூன்று தடவை சொல்ல வேண்டும். கையில் பிடிக்கிற அந்தக் கருவியில் கட்டைவிரல் படுகிற இடத்தில் வறுவல் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து பிசுக்காகப் படிந்திருக்கும், துடைத்தால் துணி கறுக்கும். சோபாவுக்கு அடியில் ஒரு தட்டு கிடைத்தது, அதில் பச்சையாக ஒன்று வளர்ந்து மயிர் விட்டிருந்தது. முப்பத்தாறு வயசு. பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால், இந்த ஆட்டம் முடியட்டும்மா என்கிறான், அது எங்கே முடிகிறது. அதில் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும், உன் அப்பாவின் மெஷினில் ஒரு நியாயம் இருக்கிறது, மூன்று பந்துதான், மூன்றும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆத்திரத்தில் மெஷினைப் பிடித்து உலுக்கினால் விளக்கெல்லாம் அணைந்து ஆட்டத்தைப் பறித்துக்கொள்ளும். உன் அண்ணனுடையதில் செத்தவனும் சாவதில்லை, எழுந்து வந்துவிடுகிறான். உன் அண்ணனுடையதிலும் ஒரு நல்லது உண்டு, காதில் மாட்டிக்கொண்டால் வெளியே சத்தம் வராது. உன் அப்பாவுடையது வீட்டுக்குள் தீயணைப்பு வண்டியை நிறுத்தி வைத்த மாதிரி.

இதை வைத்து இரண்டு பேருக்கும் வாரத்தில் ஏழு நாளும் வழக்கு. உன் அப்பா, இது நிஜ இரும்பு, நிஜ பந்து, கெட்டுப்போனா நானே திறந்து சரி பண்றேன், உன் டப்பா கெட்டா குப்பையிலதான் போடணும் என்பார். அவன், ஒரே பலகையில ஒரே உருண்டைய எத்தனை வருஷம்ப்பா தட்டுவீங்க, என் பெட்டிக்குள்ள நூறு உலகம் இருக்கு என்பான். நூறு உலகம் இருந்து என்ன, அதில் எதிலும் இந்த வீட்டுச் சமையலறை இல்லை. ஒருநாள் இதைச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், நல்ல ஜோக் என்று.

விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று மணிக்கு மேல். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்கு மிதியடியை அலசப் போனேன். உன் அப்பா மெஷினின் பலகைக்கு மெழுகு தேய்க்கிற துணியை வாளியில் ஊறப்போட்டு, அது வழிந்து தரையெல்லாம் பரவியிருந்தது. கால் வைத்ததுதான் தெரியும். காலைத் திருப்பிப் போட்ட மாதிரி பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கே பார்க்க அருவருப்பாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னங்க என்று ஒரு தடவை கத்தினேன், கூடத்தில் மெஷினின் மணி மடமடவென்று அடித்துக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உன் அண்ணன் அறை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போது அவன் குரல் தெளிவாகக் கேட்டது, விழுந்துட்டியா, நான் வரேன், அசையாத, இதோ வந்துட்டேன் என்றான். கடவுளே பிள்ளைக்குக் கேட்டுவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் வரவில்லை. ஆட்டத்தில் எவனோ கூட்டாளி குண்டடி பட்டு விழுந்திருக்கிறான், அவனைத் தூக்கத்தான் ஓடியிருக்கிறான் என் பிள்ளை. சரியாகத் தூக்கியும் விட்டான் போலிருக்கிறது, அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டுமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன், எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கூடத்தைப் பார்க்காமலே எத்தனையாவது பந்து ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். பந்து ஓடும்போது உன் அப்பாவைக் கூப்பிட்டால் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும். அன்றைக்கு ஓடினது மூன்றாவது பந்து, நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், மணி நிற்கவே இல்லை. நான் ஈரத்தரையில் கால் ஒடிந்து கிடந்துகொண்டு, சரி, இந்தப் பந்து விழட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று காத்திருந்தேன் பாப்பா. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் ஆட்டம் கெட்டுவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து விழுந்தது, அதற்கென்று ஒரு தொய்ந்த சத்தம் உண்டு. மூச்சை இழுத்துக் கூப்பிட வாயெடுப்பதற்குள் அடுத்த ஆட்டத்துக்குப் பொத்தானை அழுத்திவிட்டார். அதற்கும் காத்திருந்தேன். சூயிங்கத்தையும் பூசணம் பிடித்த தட்டையும் அருவருத்து மேலே எழுதினேன், அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்தத் தரையில் கிடந்தவளை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கடைசியில் என்னைக் கண்டுபிடித்தது தையலக்கா. மெஷினின் அதிர்வில் அவள் வீட்டு மேற்கூரைக் காரை தைக்கிற துணிமேல் உதிர்கிறது என்று சண்டை போட மேலே வந்திருக்கிறாள். அக்கா எங்கே என்று உன் அப்பாவைக் கேட்டதற்குத் திரும்பாமலே, உள்ளேதான் இருப்பா, ஒரு நிமிஷம் இரும்மா, பந்து ஓடுது என்றிருக்கிறார். அவள் இருக்கவில்லை, நேரே உள்ளே வந்தாள். மணி அப்போது நாலு ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியில் என் காலுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அப்பனும் பிள்ளையும் வெளியே வழக்கைத் தொடங்கிவிட்டார்கள். உங்க மெழுகாலதானே வழுக்குச்சு என்று அவன். நீ காதை அடைச்சுக்காம இருந்திருந்தா கேட்டிருக்குமே, ஒரு சுவர்தானே நடுவுல என்று அவர். உங்க மணிச் சத்தம் தாங்காமத்தானே காதையே அடைச்சுக்கிட்டேன் என்று அவன். டாக்டர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், கதவைத் திறந்து, இவங்களைப் பாத்துக்கப்போறது யாரு என்று கேட்டாள். ஆறு வாரம் மாடி ஏறக்கூடாதுன்னு சொல்ல வேண்டியிருக்கு, யார்கிட்ட சொல்றது என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். தையலக்கா இடுப்பில் அளவு நாடாவைக்கூட அவிழ்க்காமல் வந்தவள், என்கிட்ட சொல்லுங்க என்றாள். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார், நின்றுகொண்டே படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை, கால் சரியாகட்டும் என்றார். இங்கே சும்மா இல்லை, பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன்.

போன வாரம் உன் அப்பா முகமெல்லாம் வெளிச்சமாக இறங்கி வந்தார். துவைக்கிற இடத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறாராம், லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அழுத்துகிறது மாதிரி, அதை அழுத்தினால் மெஷின் அப்படியே நின்று விளக்கு எரியுமாம். பின்னாலேயே உன் அண்ணன், அது ஒரு இடத்துலதான் அப்பா வேலை செய்யும், நான் அம்மா கழுத்துல மாட்டிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கேன், அழுத்தினா என் திரையிலயே தெரியும் என்றான். எது விரைவில் வேலை செய்யும் என்று என் கட்டில் பக்கத்திலேயே போட்டி தொடங்கிவிட்டது. நான் ஒடிந்ததும் இவர்களுக்கு இன்னொரு ஆட்டம். அப்போதுதான் சொன்னேன், பந்து விழட்டும் என்று காத்திருந்ததைச் சொன்னேன், விழுந்துட்டியா, வரேன் என்று கேட்டதையும் சொன்னேன். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். உன் அப்பா, இன்னும் கொஞ்சம் பலமாக் கூப்பிட்டிருக்கலாமே என்றார். நான் பொத்தானை எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பேரும் படியேறிப் போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மேலே மணி அடிக்கவில்லை, மெஷினின் கால்களைக் கழற்றிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருப்பதாகத் தையலக்கா சொல்கிறாள். உன் அண்ணன் காதில் மாட்டுவதை விட்டுவிட்டான், அதனால் இப்போது துப்பாக்கிச் சத்தம் தெருவரை கேட்கிறது. எனக்கு மனசு இறங்கவில்லை. கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம், பிரித்த பிறகும் எப்போது மேலே போவது என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

மாப்பிள்ளையிடம் சொல், எதை வேண்டுமானாலும் வாங்கட்டும், இரண்டையும் வாங்கட்டும், மெஷின்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். விழுந்த மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை நான் உனக்குப் போன் பண்ணினேன், நினைவிருக்கிறதா. கால் ஒடிந்ததைச் சொல்லத்தான் பண்ணினேன். இங்கே ஒரு விஷயம் நடந்துபோச்சும்மா என்று ஆரம்பித்தேன், நீ ம் என்றாய். கொஞ்சம் கழித்து இன்னொரு ம். உன் குரலுக்குப் பின்னால் சின்னதாக டிங், டிங் என்று ஒரு சத்தம், உன் கையிலேயே ஏதோ ஆட்டம் ஓடுகிற சத்தம் அது. எனக்கா அடையாளம் தெரியாது. நான் பேச்சை நிறுத்திவிட்டு, அது முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் நீ, என்னம்மா சொன்னே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்றாய். நல்லா இருக்கோம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் வயிறும் மனசும் நிறைந்திருக்கட்டும், நீ விழுகிற நேரம் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற ஆள் உன் பக்கத்தில் இருக்கட்டும், என் ஆசீர்வாதம் அதுதான். மாப்பிள்ளைக்கும் சொல். கம்பளிச் சட்டையை வெயிலில் காயப்போட்டு எடுத்து வை, ஈரத்தோடு மடிக்காதே. இதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணாதே. உட்கார்ந்து, கையால் எழுது.

உன்,
அம்மா