எண்பதில் நின்ற முள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

என் அண்ணன் மகன் துறைமுகத்தில் கிளார்க் ஆகிவிட்டான். தங்கச்சி மகள் நாசரேத்தில் டீச்சர் பரீட்சையில் முதல் வகுப்பு. லண்டனில் வெள்ளைக்காரப் பிள்ளைகளை முந்தும் உன் மகனைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

நீ அனுப்பிய மூச்சு அளக்கும் குழாயை அப்பா ஊதினால் முள் எண்பதைத் தாண்டாது. "ஏளா, சங்கு குளிச்சவனுக்கு மூச்ச அடக்கத்தான் தெரியும்" என்று சிரிப்பார்.

ஊரிலேயே பெரிய மூச்சுக்காரருக்கு எண்பது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வாராவாரம் எழுதிய முந்நூறு, நான் ஊதியது. அதை நம்பித்தான் நீ பயணத்தை ஈஸ்டருக்குத் தள்ளினாய்.

நேற்றுப் பங்குச் சாமியார் வந்து அப்பாவுக்குக் கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். தெருவில் காட்டப் பேரனின் புதுப் போட்டோ இனிக் கேட்கமாட்டேன். அப்பா கண் திறக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகும், மகளே.

முந்நூறு ஊதிய
உன் அம்மா