கஜுவை எப்போது போடுவது

கீழ்ப்பிரிவு லயம்,
பசறை.
வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் றுஷாந்தனுக்கு,

அம்மா எழுதுவது. மாதா காவலில் இங்கே மூன்று பேரும் சுகம். நீ போனில் சொல்கிற சுகம் வாய்ச்சொல்லாக இல்லாமல் உடம்பிலும் இருக்க வேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்து மணி உனக்கென்றே ஒதுக்கிச் சொல்லி வருகிறேன். வாட்சப் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் அப்பா என்று வாயெடுத்தால் போதும், டியூட்டிக்கு நேரமாகிவிட்டதும்மா என்று வைத்துவிடுகிறாய், ஒரு நாளைக்கு எத்தனை டியூட்டி ஐயா உனக்கு. கடிதத்திடம் அந்த வேலை நடக்காது. மேல் லயத்து அழகையாவின் மருமகன் சனிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாயையும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயைக் கூட இருக்கும் பையன்களுக்கும் கொடு, கடிதத்தை நீ மட்டும் படி.

இங்கே மழை விட்டபாடில்லை. போன மாதம் மண் சரியும் என்று எச்சரிக்கை வந்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற எல்லோரும் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம், ஒன்றும் ஆகவில்லை, கூரைத் தகரத்தில் மட்டும் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகியது, அப்பா ஏறித் தார் பூசிவிட்டார். இந்த வயதில் கூரையில் ஏறாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா அவர். தங்கச்சி ஜெசீகாவுக்கு ஏ.எல். பரீட்சை நெருங்குகிறது, படிக்கிறாள், ஆனால் பாதி நேரம் படிப்பு போனுக்குள்தான் இருக்கிறது என்கிறாள், நானும் நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகத்தான் செய்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் லீவு கிடைத்தால் பண்டாரவளையில் கூட்டாளி ஸியாம் வீட்டில் தங்குவேன், நீங்களும் தங்கச்சியும் அங்கே வந்து என்னைப் பாருங்கள் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஸியாமும் அவனுடைய உம்மாவும் தங்கமான மனிதர்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் பெற்ற பிள்ளையை பஸ் ஏறிப் போய், இன்னொருவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பொழுது சாய்கிறது என்று எழுந்து வர நான் ஆள் இல்லை. குற்றம் இரண்டு பக்கமும் இருக்கிறது மகன். கல்வியியல் கல்லூரிக் கடிதம் உனக்கு வந்தபோது அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தான் வேலை செய்கிற தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோர் முழுக்கக் காட்டினார், லயத்துப் பிள்ளை வாத்தியார் ஆகப் போறான் என்று. நீயோ கட்டாரில் ஹோட்டல் சமையல் குசினிக்கு விசா வந்திருக்கிறது என்று சொன்னாய், அதையும் புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது சொன்னாய். எச்சில் கோப்பை கழுவப் போறவன நான் எதுக்கு வழியனுப்பணும் என்று அவர் பஸ்ஸுக்கு வரவில்லை, நீயும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பது மாதமாக இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பிடிவாதத்துக்கு விதை வெளியிலிருந்து வரவில்லை, அவரிடமிருந்து வந்ததுதான்.

நான் பேசிப் பார்த்தேன், கோயில் பாதரை விட்டும் பேசவைத்தேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. நீ அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று அவருக்குத் தெரியாது, அதுதான் நோய். சமையல்காரத் தொப்பி போட்ட உன் படத்தைக் காட்டினால் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறார். அவன் கழுவவில்லை, நெருப்புக்கு முன்னால் நின்று சமைக்கிறான் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறவில்லை. சரி, காதில் ஏறாததை வாயில் ஏற்றுவோம் என்று முடிவெடுத்தேன். அதற்காகத்தான் உங்கள் கடையில் எல்லோரும் விரும்பிக் கேட்கிற அந்தச் சீனக் கோழியை எப்படிச் செய்வது என்று எழுதியனுப்பச் சொன்னேன். நீ ஆசைக்குக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாய்.

நீ அனுப்பியதை ஜெசீகா கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். எலும்பில்லாத கோழி, சோயா சோஸ், சோள மா, காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, கறிமிளகாய், லீக்ஸ், முந்திரி ஒரு கைப்பிடி வறுத்துப் போடவும் என்று இருந்தது. பசறையில் ஹுமைத் நானா கடையில் எல்லாம் வாங்கினேன். முந்திரி என்றதும் அவர் டின்னைத் திறந்து காய்ந்த பழத்தை அள்ளிக்கொண்டே, இனிப்புக்கா, வட்டிலப்பத்துக்கா றோசாலி தங்கச்சி என்று கேட்டார். இல்ல நானா, கோழிக்கு என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் வியாபாரி அல்லவா, நிறுத்துக் கொடுத்துவிட்டார். நம்ம ஊரில் முந்திரி என்றால் பூசையில் இரசமாக வைக்கிற அந்தத் திராட்சைப் பழம்தானே, காய்ந்தால் முந்திரி வத்தல், வேறு என்ன நினைப்பேன். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, சீனர்கள் இனிப்பையும் உறைப்பையும் சேர்ப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

கோழி நன்றாகத்தான் வந்தது. வத்தல்தான் சோஸைக் குடித்துக் குடித்து உண்ணி மாதிரி உப்பிப் போய்விட்டது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, இது கிறிஸ்மஸ் கேக்கா கோழிக்கறியா என்று கேட்டார். உங்க மகன் கட்டார்ல செய்ற சாப்பாடு இதுதான் என்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். வத்தலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்தார், இந்த லட்சணத்துக்கா வாத்தியார் வேலைய விட்டான் என்று கை கழுவ எழுந்துவிட்டார். என் தப்புக்கு உன் தலையில் பழி விழுந்தது.

மறுநாள் கோயில் வளைவில் சிக்னல் கிடைத்ததும் உனக்கு எடுத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், முந்திரின்னா கஜும்மா, இங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க என்றாய். கூட வேலை செய்கிற தஞ்சாவூர்ப் பையன்களோடு சேர்ந்து கஜுவுக்கே உனக்குப் பெயர் மாறிவிட்டது. சிரித்ததற்கு அன்று ஒன்றும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், அந்தச் சிரிப்பை அப்பா கேட்டிருக்க வேண்டும். நீ சிரிக்கிற சத்தம் இல்லாத வீடு அவருக்கும் பிடிக்கவில்லை, வெளியே சொல்லமாட்டார்.

ஒரு தடவை சறுக்கினால் விட்டுவிடுகிறவளா உன் அம்மா. ஹுமைத் நானாவிடம் கஜு முடிந்திருந்தது, சனிக்கிழமை அரை நாள் பேர், அரை நாள் சம்பளம் போதும் என்று மலையிலிருந்து இறங்கி, பதுளைக்கு பஸ் ஏறி வாங்கி வந்தேன். ஏம்மா வீணா அலையிறீங்க, அப்பா தொடக்கூட மாட்டாரு என்றாள் ஜெசீகா. தொடாவிட்டால் அடுத்த ஞாயிறும் செய்வேன், அதற்கடுத்த ஞாயிறும் செய்வேன், லயத்தில் கோழி தீரும்வரை செய்வேன் என்றேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், அப்பா நகரமாட்டாரா.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தொடங்கினேன். நம்ம வீட்டில் கோழி என்றால் எலும்போடு வெட்டிக் குழம்பு வைத்துத்தான் பழக்கம், எலும்பைக் கழித்துச் சதையை மட்டும் எடுப்பது எனக்குப் பாவம் செய்கிற மாதிரி இருந்தது, எலும்பையெல்லாம் ரசத்துக்குப் போட்டேன். சோயா சோஸிலும் சோள மாவிலும் கோழியைப் பிரட்டி வைத்து, எல்லாவற்றையும் வெட்டிக் கை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டேன், நீ சொன்னபடியே. விறகு அடுப்பைப் பற்றவைத்துத் தாச்சிச் சட்டியைப் புகை வரும்வரை காயவிட்டேன், கோழியைப் பொரித்து எடுத்தேன், அதுவரை சரி. பிறகு பூண்டு, மிளகாயோடு கஜுவில் பாதியையும் போட்டேன். வறுத்துப் போடவும் என்று எழுதினாயே தவிர, தனியாக வறுப்பதா, சேர்த்து வறுப்பதா என்று எழுதவில்லை.

அப்பா முன்னறையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோரில் தேயிலை காயவைக்கிற அடுப்புப் பக்கத்தில் முப்பத்தொரு வருஷம் நின்றவர், ஒன்று கருகப் போகிறதென்றால் நம் கண்ணுக்குத் தெரியுமுன் அவர் மூக்குக்குத் தெரியும். நான் பார்க்கும்போது கஜு பொன்னிறம்தான். றோசாலி, கருகுது, எறக்கு எறக்கு என்று பத்திரிகையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் பிடித்துத் தாச்சியை அவரே இறக்கினார். இறக்கிய பிறகும் அது தன் சூட்டிலேயே கறுத்தது. சூடு கூடுனா வெளிய கருகும், உள்ள பச்சையா நிக்கும், இது கூடவா தெரியாது என்று என்னைத் திட்டிக்கொண்டே கறுத்ததைப் பொறுக்கி எறிந்தார், இரண்டு விறகை வெளியே இழுத்தார். யார் சமையல் என்று மறந்துவிட்டார் மகன். நான் நினைவுபடுத்தவில்லை. மிச்சக் கஜுவை இளஞ்சூட்டில் வறுத்தெடுக்க அவரே அடுப்பைப் பார்த்துக்கொண்டார், பிறகு விறகை உள்ளே தள்ளி, இப்ப போடு என்றார். லீக்ஸ், கறிமிளகாய், கோழி, சோஸ், கஜு என்று போட்டுப் பிரட்டி இறக்கிவிட்டேன். இவ்வளவுதானா, ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருச்சே என்றார். அந்த ரெண்டு நிமிசந்தான் உங்க மகனோட வேலை என்றேன்.

சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் சோறு கேட்டார். கஜு கடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தலையைத் தூக்காமலே, ஒரு நாளைக்கு இப்பிடி எத்தன தாச்சி வைப்பான் என்று கேட்டார். வெள்ளிக்கிழமையென்றால் இருநூறுக்குக் குறையாது என்று நீ சொன்னதைச் சொன்னேன். அப்ப கையெல்லாம் சுட்டிருக்குமே என்றார். உன் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருக்கிற தழும்பை நீ முழுக்கைச் சட்டையில் மறைக்கிறாய், ஒரு நாள் வீடியோவில் நான் பார்த்துவிட்டேன், கேட்டால் மறுப்பாய் என்று கேட்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர் அடுப்பு சுட்ட தழும்பு அவர் கையிலும் இருப்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, இரண்டு பேர்மேலும் பாவமாக இருந்தது.

எழுந்திருக்கும்போது, கஜுவ தனியா வறுத்து வச்சிக்கிறானா, இல்ல ஒவ்வொரு தாச்சிக்கும் அப்பப்ப வறுக்கிறானா, இருநூறு தாச்சிக்கு அது எப்பிடி முடியும், அவன்கிட்ட கேளு என்றார். நீங்களே கேளுங்க என்றேன். எனக்கென்ன, சும்மா கேட்டேன் என்று போய்விட்டார். சும்மா கேட்டவர் திங்கட்கிழமையும் கேட்டார், நேற்றும் கேட்டார். பதில் எனக்குத் தெரியும், ஜெசீகா போனில் பார்த்துச் சொல்லிவிட்டாள். ஆனால் நான் சொல்லமாட்டேன், அவளையும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பத்தொன்பது மாதத்தில் அவர் உன்னிடம் கேட்கிற முதல் கேள்வி இது, இடையில் நான் நின்று கெடுக்கமாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து, யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். கஜு விசயத்த எழுதிட்டியா என்றார். எழுதியாச்சு, பதில் எனக்கு வராது, உங்களுக்குத்தான் வரும் என்றேன். மழ வருது, நீ போக வேணாம், அழகையாட்ட நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் வேண்டுமென்றே மெதுவாக எழுதுகிறேன், நிற்கட்டும்.

தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, மறைக்காதே. தலை ஈரத்தோடு ஏசியில் படுக்காதே. உன் அடுப்பு உன் சொல்லுக்கு அடங்கி எரியட்டும், மாதா உன் கைகளைக் காக்கட்டும், போன இடத்தில் உனக்கு ஒரு தலைகுனிவும் வராதிருக்கட்டும் என்று அம்மாவும் தங்கச்சியும் ஆசீர்வதித்து வேண்டிக்கொள்கிறோம். ஸியாமிடம் நம் அன்பைச் சொல், கட்டிலை உனக்காக ஒதுக்க வேண்டாம் என்றும் சொல்.

மறக்காதே. வருகிற ஞாயிறு இங்கத்தை நேரம் நாலரை மணிக்கு அப்பாவின் போனுக்கு எடு, என் போனுக்கு எடுக்காதே. நான் அவரைக் கோயில் வளைவுக்குக் கூட்டிப்போய் நிற்பேன். முதல் தடவை எடுக்கமாட்டார், உன் பெயரைப் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டுவார். நான் வாங்கமாட்டேன். நீ மறுபடியும் எடு.

இப்படிக்கு,
உன் அம்மா
யே. றோசாலி